துரைக்குப் போட்ட முருங்கைப் பந்தல்

லாயாங் லாயாங் ரயில் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், ரப்பர் தோட்டத்துக்குப் போகும் மண்சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட் இருந்தது. அதை மூடித் திறப்பது செல்லப்பனின் வேலை. எந்த வண்டியில் யார் வந்தார், யார் போனார், எந்த மாட்டுவண்டிக்காரன் கேட் மூடியிருக்கும்போது முணுமுணுத்தான் என்றெல்லாம் ஊருக்குச் சொல்வது அவர் மனைவி பேச்சியம்மாளின் வேலை. இந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அவள் அதற்கு ஒருநாளும் லீவு போட்டதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஜொகூருக்குக் கப்பலேறி வந்தவள் பேச்சியம்மாள். சில வருஷம் தோட்டத்தில் பால்மரம் சீவினாள். ரப்பர் விலை படுத்து, தோட்டங்களில் ஆள் குறைக்க ஆரம்பித்த முப்பதுகளின் தொடக்கத்தில் செல்லப்பனுக்கு ரயில்வேயில் இடம் கிடைத்தது. இருவரும் கேட் ஓரத்துப் பலகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவளுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. சந்தோஷம் வந்தாலும் ஓடுவாள், கோபம் வந்தாலும் ஓடுவாள், உப்பு வாங்கப் போனாலும் ஓடுவாள். செல்லப்பன் நேர் எதிர். வண்டி வரும்போது பச்சைக்கொடியை அவர் பிடித்து நிற்கும் அழகைப் பார்த்தால், கொடிக்கம்பத்தை நட்டுவிட்டு மனுஷன் எங்கேயோ போய்விட்டார் என்றுதான் தோன்றும். கொடி அசையவே அசையாது. அசையாமல் பிடித்தால் வழி சரியாக இருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். ஆட்டினால் மெதுவாக வா என்று அர்த்தம். அது சட்டம், சட்டம் என்றால் செல்லப்பனுக்கு உயிர்.

இவர்கள் வீட்டுக்கு ஒரு மழைநாளில் ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, நீலக் கண், இந்த ஊர்ப் பூனைகளுக்கே உள்ளபடி நுனி மடங்கிய வால். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

"வெள்ளத்தோலு, நீலக்கண்ணு, கூப்ட்டா மதிக்கிறதும் இல்ல. இது பூன இல்லங்க, தோட்டத்துத் தொர!" என்றாள் பேச்சியம்மாள். அன்றிலிருந்து அதற்குத் துரை என்றே பெயர் நிலைத்தது.

துரை வளர்ந்தார். வளர வளர அவருடைய வீரமும் வளர்ந்தது. தண்டவாளத்துக்கு நடுவே வெயில் காய்வதுதான் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வண்டி தூரத்தில் ஊதும், அவர் காலை நக்கிக்கொண்டிருப்பார். இன்னும் கிட்டே வந்து ஊதும், அப்போதும் நக்குவார். தரை கிடுகிடுவென்று ஆடிய பிறகுதான் எழுந்து, ஒரு சோம்பல் முறித்து, விலகி நடப்பார். வீட்டுக்குப் பின்னால் வரிசைவீடுகளாக இருந்த ரயில்வே லயத்துக்காரர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். பேச்சியம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்க தொர ரயிலுக்கே வழி விடமாட்டாரு!" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று யாராவது அப்போதே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கூட்ஸ் வண்டி வந்தது. துரை அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் வேலியோரம் துணி காயப்போட்டபடி, இப்போது எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்று பார்த்தாள். எழவில்லை. எஞ்சின் அவர் மேலேயே போய்விட்டது! ஈரத்துணி கையிலிருந்து விழுந்தது. ஒவ்வொரு பெட்டியாக வண்டி கடகடவென்று போகப் போக, அவள் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

வண்டி போன பிறகு கண்ணைத் திறந்தாள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, சரளைக்கல்லோடு கல்லாக அப்பிக்கொண்டு, மயிரெல்லாம் சிலிர்த்து நடுங்கியபடி துரை உயிரோடு கிடந்தார். பேச்சியம்மாள் ஓடிப் போய் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தக் குட்டி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வீரமாவது ஒன்றாவது!

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. துரையைத் தரையில் விட்டு, பின்னால் போய், பித்தளைத் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். பக்கத்து வீட்டுக் கருப்பாயி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். துரை காதை அசைக்கக்கூட இல்லை. மறுபடி அடித்தாள், அசையவில்லை. வாசலில் ஒரு காக்கையின் நிழல் ஓடியது. சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ கருப்பாயி, இதுக்குக் காது கேக்கலடி!" என்றாள் பேச்சியம்மாள். "நான் பாட்டுக்கு ஊரெல்லாம் வீரம் வீரம்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே!"

அன்று மாலையே செல்லப்பன் முடிவு சொல்லிவிட்டார். "பேச்சி, நாம தண்டவாளத்துல குடியிருக்கோம். காது கேக்காத பூனய இங்க வச்சிருந்தா என்னிக்காவது நம்ம கையாலயே அள்ளிப் பொதைக்கணும். ஹலீம் பாய் கிட்ட குடுத்துரலாம். பொந்தியான்ல ரயிலே கெடையாது, பொழச்சுக்கும்."

அப்துல் ஹலீம் பொந்தியான் கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிறவர். ஜொகூர் பாரு வந்து ரயிலேறி, மாதம் ஒருமுறை கூடைகளோடு லாயாங் லாயாங்கில் இறங்குவார். நல்ல மனுஷன். துரையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடு போடாமல் போகமாட்டார்.

"வீட்டுக்குள்ளயே வச்சுக்கிறேங்க," என்றாள் பேச்சியம்மாள். வைத்தும் பார்த்தாள். காது கேட்காத பூனைக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாது. கதவைச் சாத்தியதும் துரை போட்ட சத்தத்தில் லயத்துக் கைக்குழந்தைகளெல்லாம் சேர்ந்து அழுதன. அடுத்த நாளே கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கயிற்றில் கட்டினால் கழுத்தை இறுக்கிக்கொண்டு புரண்டார். வெளியே விட்டால் ரயில், உள்ளே வைத்தால் ஓலம். பேச்சியம்மாள் சோறு தின்னாமல் யோசித்தாள். அவள் சோறு தின்னாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஹலீம் பாய் வந்தபோது அவள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "பாய், அடுத்த தடவ நீங்க வர்றதுக்குள்ள நான் ஒரு வழி பண்றேன். பண்ண முடியலன்னா என் கையாலயே ஒங்க கூடைல வச்சுத் தர்றேன். இது சத்தியம்."

"எனக்கென்ன தங்கச்சி, குடுத்தா புள்ள மாதிரி பாத்துக்குவேன். குடுக்கலன்னா இன்னும் சந்தோசம்," என்றார் அவர்.

"அப்ப அந்த வலயக் குடுங்க!"

கருவாட்டுக் கூடைகளை இழுத்துக் கட்டியிருந்த பழைய மீன்வலையைத்தான் சொன்னாள். அதைப் பார்த்த நொடியிலேயே அவள் தலைக்குள் ஒரு பந்தல் எழும்பிவிட்டது. வீட்டுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம், நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை, உள்ளே புல்லும் வெயிலும்! துரை வெளியேயும் இருப்பார், எங்கேயும் போகவும் மாட்டார். ஹலீம் பாய் வலையை அவிழ்த்துக் கொடுப்பதற்குள் அவள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

மீன்வலை என்றால் மீன் நாற்றம் இருக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. வலையைத் துணிக்கொடியில் போட்ட அன்றே பக்கத்து மலாய்க் கிராமத்துப் பூனைகளெல்லாம் சொந்தபந்தத்தோடு வந்து கீழே உட்கார்ந்துகொண்டன. "அலமாக்! கல்யாணப் பந்திக்கு வந்த மாதிரில்ல வந்திருக்கு!" என்று கருப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சியம்மாள் வலையைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, மறுபடி அடித்தாள். விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

அடுத்து கால் நட வேண்டும். வேலிக்கால் என்றதும் அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஊரிலும் சரி, தோட்டத்திலும் சரி, வேலி என்றால் முருங்கைப் போத்தை வெட்டி நடுவதுதானே வழக்கம்? கால் வேர்பிடித்துக்கொள்ளும், வேலியும் ஆச்சு, கீரையும் ஆச்சு. கருப்பாயி வீட்டு மரத்தில் நல்ல தடித்த போத்துகளாக வெட்டி, பள்ளம் பறித்து நட்டாள். வலையைச் சுற்றிக் கட்டினாள். துரை தோண்டிக்கொண்டு போகாதபடி அடியில் சரளைக்கல்லை நெருக்கி அடுக்கினாள். வீட்டு முன்கதவை எப்போதும் சாத்தியே வைத்து, பின்பலகையில் ஒரு துவாரம் போட்டு, துரை நினைத்த நேரம் போய்வரப் பாதை செய்தாள். தான் நுழைந்து பெருக்குவதற்கு மூங்கில்தட்டியில் ஒரு கதவும் வைத்தாள். உள்ளே ஏறி உட்கார ஒரு பழைய பெட்டி, புரள ஒரு மணல்மேடு, கடிக்க ஒரு கைப்பிடி அறுகம்புல். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குக்கூட அவள் இப்படி ஓடியாடி வேலை செய்ததில்லை.

செல்லப்பன் இதிலெல்லாம் தலையிடவில்லை. கேட் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மட்டும் சுத்தியலோடு வந்து, "இந்தக் காலு கோணலா நிக்கிது. கேட்லேர்ந்து பாக்கறப்ப கண்ணு உறுத்துது," என்று நேராக்கிவிட்டுப் போனார். பூனைக்காக இல்லையாம், கண்ணுக்காகவாம்! பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

துரையை உள்ளே விட்ட அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மூலை மூலையாக முகர்ந்தார், பெட்டி மேல் ஏறினார், மணலில் உருண்டார். பிறகு வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். ஓலம் நின்றது. கூப்பிடுவதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்லப்பன் கழித்துப்போட்ட கிழிந்த பச்சைக்கொடி ஒன்று கிடந்தது. மீன் தலையைத் தட்டில் வைத்ததும், அந்தக் கொடியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, இடமும் வலமுமாக ஆட்டுவாள். நிறம் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, ஆட்டம் தெரிந்தது. நாலு நாளில் கொடி அசைந்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வந்தார்.

"சர்க்கார் கொடியக் கீழ போட்டு ஆட்றியே, வெவஸ்த இருக்கா ஒனக்கு?" என்றார் செல்லப்பன்.

"கழிச்ச கொடிதானங்க? ஒங்க கொடிக்கு ரயிலு வருது, எங் கொடிக்குப் பூன வருது!"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் மழைக்கு விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் துளிர்த்துவிடும், முருங்கைக்குச் சொல்லவா வேண்டும்? கால்களெல்லாம் தளதளவென்று தழைத்துவிட்டன. பேச்சியம்மாளுக்கு ஒரே பூரிப்பு. துரைக்கு நிழலும் ஆயிற்று, தனக்குக் கீரையும் ஆயிற்று என்று கணக்குப் போட்டாள். குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். "வந்து பறிச்சுக்குங்கடி, எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்குங்க!"

முருங்கைக்கீரையை எந்தத் தமிழச்சி வேண்டாம் என்பாள்? லயமே வந்தது. வெளியிலிருந்து எட்டிய இலையெல்லாம் தீர்ந்தது. பிறகு கிளையை வளைத்துப் பறித்தார்கள், கிளையோடு வலையும் வளைந்து நைந்தது. பேச்சியம்மாள் அங்கங்கே முடிச்சுப் போட்டுச் சரிக்கட்டினாள். பறிக்காதீர்கள் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. கீரை இல்லை என்று எப்படிச் சொல்வது? மரத்தில் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறதே!

ஹலீம் பாய் வரும் நாளும் வந்தது. காலையிலிருந்து பேச்சியம்மாள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பந்தலைப் பெருக்கினாள், துரையைத் துடைத்தாள், பாய் வந்ததும் கொடுக்கத் தேங்காய்ப்பூ போட்டுப் பணியாரம் சுட உட்கார்ந்தாள். பாய் பார்க்க வேண்டும், பார்த்து அசந்துபோக வேண்டும், அதைச் செல்லப்பன் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து லயத்திலிருந்து காளியம்மா கீரைக்கு வந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், குள்ளம். கிளை எட்டவில்லை. தட்டிக் கதவைத் திறந்து உள்ளே போய், பெட்டி மேல் ஏறி, உச்சிக் கிளையைப் பிடித்து இழுத்தாள். கிளை வந்தது, கூடவே வலையும் மேலிருந்து கீழ்வரை சரசரவென்று கிழிந்து வந்தது. "ஐயையோ!" என்று பதறியவள், கீரையை மடியில் போட்டுக்கொண்டு பேச்சியம்மாளைத் தேடி முன்வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, பந்தலு கிழிஞ்சு போச்சுக்கா!"

பேச்சியம்மாள் சட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பெட்டி இருந்தது, மணல்மேடு இருந்தது, துரை இல்லை.

தூரத்து வளைவில் பாசஞ்சர் வண்டி ஊதியது.

பேச்சியம்மாள் வீட்டைச் சுற்றி ஓடி வந்தாள். கேட் மூடியிருந்தது. செல்லப்பன் கொடியை நேராகப் பிடித்து, சிலையாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தப்பக்கம், தண்டவாளத்துக்கு நடுவில், பழைய இடத்தில், பல நாள் பிரிந்திருந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி, துரை ஆனந்தமாக உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தார். முகம் கேட்டைப் பார்த்து இருந்தது, முதுகு வண்டியைப் பார்த்து இருந்தது.

"தொர! தொர!" என்று கத்தினாள். கத்தி என்ன பிரயோசனம்? கிழிந்த கொடி பின்கட்டில் ஆணியில் தொங்கியது. அதை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எஞ்சின் வளைவைத் தாண்டிப் புகையோடு வெளிப்பட்டது. ஓட எத்தனித்த அவளைக் கருப்பாயி இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். "விட்றீ! விட்றீ என்னய!"

அப்போதுதான் அது நடந்தது. செல்லப்பனின் கொடி அசைந்தது.

முதலில் லேசாக அசைந்தது. பிறகு மனுஷன் சட்டென்று குனிந்து, சர்க்கார் கொடியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பேச்சியம்மாள் ஆட்டுகிற அதே ஆட்டமாக, இடமும் வலமுமாக ஆட்டினார். ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்! தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. துரை நக்குவதை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். மீன் தலை என்று நினைத்தாரோ என்னவோ, வாலைத் தூக்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் வந்து செல்லப்பனின் காலடியில் விழுந்தார்.

ஆடிய கொடியைக் கண்ட எஞ்சின்காரர் பிரேக்கை இழுத்தார். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்து, கேட்டைத் தாண்டி ஊர்ந்தது. பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொடியை மறுபடி நேராகப் பிடித்தபடி செல்லப்பன் நின்றார்.

"என்னய்யா கேட்டுக்காரா, வழில என்ன கோளாறு? கொடிய அந்த ஆட்டு ஆட்றே!" என்று எஞ்சின்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"கொசு கடிச்சிச்சு சார்!" என்றார் செல்லப்பன்.

அவர் வாயிலிருந்து பொய் வந்து பேச்சியம்மாள் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி போனது. அவளுக்கு ஓட வரவில்லை. மெதுவாக நடந்து போனாள். செல்லப்பன் துரையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஹலீம் பாய் வந்தார். ஒரு கையில் கருவாட்டுக் கூடை, இன்னொரு கையில் மூடி போட்ட புதுப் பிரம்புக் கூடை. உள்ளே மெத்தென்று பழைய கைலி விரித்திருந்தது. நடந்ததையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவர். கிழிந்து தொங்கிய பந்தலையும் பார்த்தார்.

பேச்சியம்மாள் தானாகவே பேசினாள். "நான் தோத்துட்டேன் பாய். சொன்ன சொல்லுன்னா சொல்லுதான்." துரையைக் கூடைக்குள் வைத்தாள். அவர் கைலியை முகர்ந்து பார்த்துச் சுருண்டு படுத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூடியைச் சாத்தக் கை எழவில்லை. கீரையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற காளியம்மாவும் சேர்ந்து அழுதாள்.

கேட்டைத் திறந்துவிட்டு வந்த செல்லப்பன் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு முருங்கைக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"பாய், ஒங்க ஊர்க் கழிமொகத்துச் சேத்துல மொளைக்கிற பாக்காவ் மரத்துல கம்பு வெட்டுவாங்கல்ல?"

"வெட்டுவாங்க. படகுத்துறைக்கெல்லாம் அதத்தான நட்றாங்க."

"அது துளிர் விடுமா?"

"வெட்டுன பாக்காவ் எங்க துளிர் விடப் போவுது? தண்ணில நின்னா இரும்பு மாதிரி நிக்கும்."

"அதுல ஒரு கட்டு கொண்டாந்துருங்க. கூட நல்ல வலயா ஒண்ணு." செல்லப்பன் குனிந்து, துரையை இரண்டு கையாலும் கூடையிலிருந்து தூக்கினார். தூக்கத் தெரியாமல் கோணலாகத்தான் தூக்கினார். "துளிர் விடாத கம்பா இருந்தா எவளும் கீரைக்கு வரமாட்டா. கோணாம நான் நட்டுக்கிறேன்."

பேச்சியம்மாள் உள்ளே ஓடினாள். பணியாரம் கரிந்துபோயிருந்தது. கரியாததைப் பொறுக்கித் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள்.

அடுத்த மாதம் கம்புக் கட்டும் வலையும் வந்தன. செல்லப்பன் நூல் பிடித்துப் பார்த்து நட்டார். பழைய முருங்கைக் கால்களைப் பிடுங்கிப் பேச்சியம்மாள் லயத்து ஓரமாக நட்டுவிட்டாள், கேட்காமல் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லியும் வைத்தாள். துரை அந்தப் பந்தலில் வெகுகாலம் இருந்தார். அவருக்குச் சோறு வைக்கும் வேலையைச் செல்லப்பன் எடுத்துக்கொண்டார். தட்டை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குனிந்து கொடியை ஆட்டுவார். கழித்த கொடியைத்தான்.